பிரமபுத்திராவில் நதி யாத்திரை



உல்லாசப் பிரயாணம் என்றதும் நம்முட் பெரும்பாலோர்க்கு நினைவுக்கு வருவன புகையிரதமும் மோட்டார் வண்டியும் ஆகாய விமானமுமே. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு விரைந்து சென்று, ஆங்குக் காணவேண்டியவற்றைக் கண்டு, மீண்டும் விரைந்து திரும்புவது இவ்வகைப் பிரயாணத்தின் இயல்பு. இடைவழியில் உள்ளவை கணக்கிற் சேர்வதில்லை. இதற்கு முற்றிலும் மாறுபட்டது நதி யாத்திரை. பெரும் நதியொன்றிலே சிறு கப்பலில் ஏறி, பகலெல்லாம் மெல்லச் சென்று, இரவிற் கரையோரம் தங்கி, வழியிலுள்ள கோயில்களையும் கிராமங்களையும் காடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டு செல்வது இது. வனவிலங்குகளையும் பண்பாட்டுச் செல்வங்களையும் ஒரே யாத்திரையிற் காணும் இம்முறை இக்காலத்திற் பல நாடுகளிலும் பரவி வருகின்றது.

எகிப்து நாட்டின் நைல் நதியில் உல்லாசக் கப்பல்கள் ஒன்றரை நூற்றாண்டாக ஓடி வருகின்றன. ஆயின், அங்கே பழைமைச் சின்னங்கள் மிகுதி, வனவிலங்குகள் குறைவு. ஆபிரிக்காவின் தெற்கே சோபே என்னும் நதியில் யானைக் கூட்டங்கள் மிகுதி. பழைய கட்டடங்கள் குறைவு. இரண்டையும் ஒருங்கே காட்டும் நதிகள் உலகிற் சிலவே. அவற்றுள் ஒன்று இந்தியாவின் வடகிழக்கு மூலையில், அசாம் மாநிலத்தின் ஊடாகப் பாயும் பிரமபுத்திரா. அந்நதியில் நிகழும் யாத்திரை எத்தகையது, அதிற் காணத்தக்கவை யாவை, அந்த யாத்திரையால் அந்நாட்டுக்கு நன்மையா தீமையா என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் நதியை அறிந்துகொள்வோம். இந்திய நதிகள் பெரும்பாலும் பெண்பாற் பெயர் பெற்றவை. இந்நதியோ பிரமனின் புதல்வன் என்று ஆண்பாற் பெயர் பெற்றுள்ளது. திபெத்திலே, கைலாய மலைக்கும் மானசரோவர் ஏரிக்கும் அணித்தான பனிமலைப் பகுதியில் இது தோன்றுகின்றது. அங்கே இதன் பெயர் யார்லுங் சாங்போ. இமயமலையின் வடபுறமாக நெடுந்தூரம் கிழக்கு நோக்கி ஓடி, நம்ச்சா பர்வா என்னும் சிகரத்தைச் சுற்றி வளைந்து, ஆழமான பள்ளத்தாக்கு வழியே இந்தியாவினுள் இறங்குகின்றது. அருணாசலப் பிரதேசத்திற் சியாங் என்ற பெயருடன் வந்து, திபாங், லோகித் என்னும் ஆறுகளுடன் கூடிய பின்னரே பிரமபுத்திரா என்னும் பெயரைப் பெறுகின்றது. அசாமைக் கடந்து வங்காளதேசத்தினுட் புகுந்து, ஜமுனா என்னும் பெயருடன் கங்கையோடு கலந்து, வங்காள விரிகுடாவை அடைகின்றது.

இந்நதியின் குணத்தைத் தீர்மானிப்பது அது சுமந்துவரும் மண். இமயமலை வயதிற் குறைந்த மலை. அதன் பாறைகள் எளிதில் நொறுங்குவன. பருவமழைக் காலத்தில் அம்மலைச் சரிவுகளிலிருந்து அடித்துவரப்படும் மண்ணும் மணலும் அளவிடற்கரியன. உலகில் மிகுந்த வண்டலைச் சுமக்கும் நதிகளுள் இதுவும் ஒன்று. சமவெளிக்கு வந்ததும் நதியின் வேகம் தணிய, சுமந்து வந்த மண் நடுவிலே படிந்து திட்டுகளாகின்றது. திட்டு வழியை அடைக்க, நீர் பக்கவாட்டிற் புதிய வழி தேடிக் கரையை அரிக்கின்றது. இவ்வாறு ஒரே நதி பல கிளைகளாகப் பிரிந்தும் கூடியும், பின்னிய சடை போலச் செல்கின்றது. சில இடங்களில் இதன் அகலம் பத்துக் கிலோமீற்றருக்கும் மேல். குவாகத்தி நகரருகே மட்டும் இருபுறமும் பாறைக் குன்றுகள் நெருக்குவதால் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றராகச் சுருங்குகின்றது.

1950ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15ஆம் திகதி அசாம், திபெத்து எல்லையில் ஒரு பெரும் பூமியதிர்ச்சி ஏற்பட்டது. அதன் அளவு 8.6. மலைகள் சரிந்து ஆறுகளை மறித்தன. பின்னர் அம்மறிப்புகள் உடைந்து வெள்ளம் பாய்ந்தது. அதனால் வந்த மண் மேல் அசாமில் நதியின் படுகையையே உயர்த்திவிட்டது. படுகை உயர்ந்தமையால் வெள்ளமும் மண்ணரிப்பும் மிகுந்தன. திப்ருகர் நகரின் ஒரு பகுதியை நதி விழுங்கியது. இன்று யாத்திரிகர் காணும் பிரமபுத்திரா, அந்த அதிர்ச்சியின் பின் உருமாறிய நதியே என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இனி இந்நதியிற் கப்பல் வந்த கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பிரித்தானியர் இங்கு நீராவிக் கப்பல்களை விட்டனர். அவற்றை அழைத்துவந்தது தேயிலை. 1823ஆம் ஆண்டளவில் ரொபர்ட் புரூஸ் என்பார் அசாமில் தேயிலைச் செடி இயற்கையாக வளர்வதை அறிந்தார். 1839ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அசாம் தேயிலை இலண்டனில் ஏலத்தில் விற்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் அசாம் தேயிலை விதைகள் நம் நாட்டுப் பேராதனைப் பூங்காவுக்கும் வந்து சேர்ந்தன என்பது நேயர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி. நம் மலைநாட்டுத் தேயிலைக்கும் அந்நதிக்கரைக்கும் உள்ள உறவு அவ்வளவு பழைமையானது.

மகிழ்ச்சிக்குரியதல்லாத வேறோர் ஒப்புமையும் உண்டு. அசாம் தோட்டங்களில் வேலை செய்யச் சோட்டா நாகபுரி முதலிய பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகத் திரட்டப்பட்டனர். அவர்களை ஏற்றிச் சென்றவை இந்த நீராவிக் கப்பல்களே. நெருக்கடியான கீழ்த்தட்டுகளில் வாந்திபேதி பரவி, வழியிலேயே மாண்டோர் பலர். கடல் கடந்தும் காட்டுவழி நடந்தும் நம் மலையகத்துக்கு வந்தோரின் வரலாற்றை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அசாமின் தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்து பறிக்கின்றனர். யாத்திரையின் ஒரு நாளிலே தோட்டமொன்றைக் காட்டித் தேநீர் அளிப்பது கப்பற்காரர் வழக்கம். அந்தத் தேநீரைப் பருகும்போது இவ்வரலாற்றையும் நினைத்தல் தகும்.

1947ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின்னரும் கல்கத்தாவிலிருந்து கிழக்குப் பாகிஸ்தான் வழியாகக் கப்பல்கள் அசாமுக்குச் சென்றன. 1965ஆம் ஆண்டில் இந்திய பாகிஸ்தான் யுத்தம் மூண்டதும் அவ்வழி அடைபட்டது. நூறாண்டு காலக் கப்பற் போக்குவரத்து ஏறக்குறைய அற்றுப்போயிற்று. 1988ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் சதியா முதல் துப்ரி வரையுள்ள 891 கிலோமீற்றர் நதிவழியை இரண்டாம் தேசிய நீர்வழியாகப் பிரகடனம் செய்தது. 2003ஆம் ஆண்டளவில் உல்லாசப் பிரயாணிகளுக்கான சிறு கப்பல்கள் இங்கு ஓடத் தொடங்கின. 2023ஆம் ஆண்டு சனவரி மாதம் கங்கா விலாஸ் என்னும் பெரிய கப்பல் காசியிலிருந்து புறப்பட்டு, வங்காளதேசம் வழியாக ஏறத்தாழ 3,200 கிலோமீற்றர் கடந்து, பெப்ரவரி இறுதியில் திப்ருகரை அடைந்தது. பழைய நதிவழி மீண்டும் திறந்துகொண்டது எனலாம்.

ஆண்டுதோறும் வழி மாறும் நதியிற் கப்பலை எவ்வாறு செலுத்துவர் என நேயர்கள் வினவலாம். கப்பலின் அடிப்பாகம் தட்டையானது. ஆழம் குறைந்த நீரிலும் மிதக்கவல்லது. நீரோட்டம் சிதறி ஆழம் குன்றும் இடங்களில், மூங்கிற் கம்புகளை நட்டு, அவற்றிலே மூங்கிற் பாய்களைச் சரிவாகக் கட்டிவிடுவர். மேற்பரப்பு நீர் அத்தட்டியில் மோதி ஒருபுறமாகத் திரும்ப, அடிமணல் அகன்று நடுவழி தானாகவே ஆழமாகின்றது. ஆற்றின் வலிமையைக் கொண்டே ஆற்றைத் திருத்தும் பழைய உபாயம் இது. இவ்வளவும் இருந்தும், மாலுமிக்குத் துணை அவனது கண்ணே. நீரின் நிறம், அலையின் சுருக்கம், சுழியின் போக்கு ஆகியவற்றைப் பார்த்து ஆழத்தை மதிப்பிடுவான். இருளில் இவை தெரியா. ஆதலின், உல்லாசக் கப்பல்கள் மாலையானதும் மணற்றிட்டொன்றின் ஓரத்திற் கட்டப்படும். பருவமழை ஓய்ந்து நீர் தெளியும் ஒக்டோபர் முதல் ஏப்பிரல் வரையே யாத்திரைக்குரிய காலம்.

யாத்திரை பொதுவாகக் குவாகத்தியில் தொடங்கும். நீலாசலக் குன்றின்மேல் காமாக்கியா தேவியின் கோயில் விளங்குகின்றது. இன்றுள்ள கோயில் 1565ஆம் ஆண்டிற் கோச் அரசர் திருத்தி எழுப்பியது. நதியின் நடுவே மயிற்றீவு எனப்படும் சிறு பாறைத்தீவில் உமானந்தர் என்ற பெயருடன் சிவபெருமான் எழுந்தருளியுள்ளார். அக்கோயில் அகோம் அரசர் கதாதர சிங்கன் காலத்தில் 1694ஆம் ஆண்டிற் கட்டப்பட்டது. அணித்தே சராய்காட் என்னும் இடம். 1671ஆம் ஆண்டில் முகலாயப் பேரரசின் பெரும்படையை லாசித் பர்புகன் என்னும் அகோம் தளபதி தோணிகளைக் கொண்டு எதிர்த்து வென்றது அங்கேதான். பரந்த நதி மிகக் குறுகும் இடம் அது ஆதலின், போருக்கு அவ்விடத்தை அவன் தேர்ந்தான். பிரமபுத்திராவின்மீது முதற் பாலம் 1962ஆம் ஆண்டில் அங்கே அமைந்ததற்கும் காரணம் அதுவே.

குவாகத்திக்கு மேற்கே ஏறக்குறைய 35 கிலோமீற்றர் தூரத்தில் வடகரையிலே சுவால்குச்சி என்னும் நெசவூர் உள்ளது. தெருவெங்கும் தறியோசை கேட்கும் ஊர் அது. பொன்னிறமான மூகாப் பட்டு அசாமுக்கே உரியது. அதற்குச் சாயம் தோய்க்க வேண்டியதில்லை. அண்மையிலுள்ள ஹாஜோ என்னும் தலம் இந்துக்களும் பௌத்தரும் இஸ்லாமியரும் ஒருங்கே போற்றுவது. அங்குள்ள ஹயக்கிரீவ மாதவர் கோயில் 1583ஆம் ஆண்டிற் புதுப்பிக்கப்பட்டது. அக்கோயிலின் குளம் நம் இன்றைய விஷயத்துக்கு மிக நெருங்கியது.

அக்குளத்திலே கரிய நிறமுடைய மெல்லோட்டு ஆமைகள் வாழ்கின்றன. திருமாலின் கூர்மாவதாரத்தை நினைந்து பக்தர் அவற்றுக்கு உணவிடுவர்; எவரும் தீங்கு செய்யார். ஆற்றிலும் ஏரியிலும் இவ்வினம் இறைச்சிக்காகப் பிடிக்கப்பட்டு அருகிற்று. 2002ஆம் ஆண்டில், இயற்கைச் சூழலில் இவ்வினம் அழிந்தொழிந்தது என உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. ஆயின், அசாமின் சில கோயிற் குளங்களிலும், வங்காளதேசத்துச் சிட்டகாங்கில் ஒரு முஸ்லிம் பெரியாரின் தர்காக் குளத்திலும் அவை எஞ்சியிருந்தன. பின்னர் அசாமின் ஆறுகளிலும் சில கண்டுபிடிக்கப்பட்டன. இன்று கோயிற் குளக்கரையில் இடப்படும் முட்டைகளைக் காத்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை ஈரநிலங்களில் விடுகின்றனர். விஞ்ஞானம் கைவிட்ட ஓர் இனத்தைப் பக்தி காத்துவைத்திருந்தது. இப்பொழுது விஞ்ஞானமும் பக்தியும் கைகோத்து அதனை மீட்கின்றன. வனவிலங்கு வேறு, பண்பாடு வேறு என்று பிரித்துப் பார்ப்பது எவ்வளவு பிழையானது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இன்னுமொன்று கூறலாம். இப்பகுதியிலே தாதரா, பாச்சரியா என்னும் கிராமங்களில் ஹர்கிலா எனப்படும் பெருநாரைகள் கூடுகட்டுகின்றன. ஐந்தடி உயரம் நிற்கும் இப்பறவை, செத்தவற்றைத் தின்பதனாலும் கூட்டின்கீழ் நாற்றம் வீசுவதனாலும் துர்ச்சகுனம் எனக் கருதப்பட்டது. கூடுள்ள மரங்களை மக்கள் வெட்டிச் சாய்த்தனர். பூர்ணிமா தேவி பர்மன் என்னும் உயிரியலாளர் கிராமத்துப் பெண்களை ஒன்றுகூட்டினார். பெண்ணுக்கு வளைகாப்புச் செய்வதுபோல, முட்டையிடும் பருவத்தில் நாரைக்கும் அவர்கள் மங்கலச் சடங்கு செய்கின்றனர். தறியில் நெய்யும் துணிகளிலும் அப்பறவையின் உருவத்தை இடுகின்றனர். வெறுக்கப்பட்ட பறவை ஊரின் பெருமையாயிற்று. கூடுகள் பெருகின. 2022ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் அவருக்கு விருதளித்தது.

குவாகத்தியிலிருந்து கிழக்கே நீரோட்டத்தை எதிர்த்துச் செல்லுங்கால், கிளையாறுகள் கலக்கும் இடங்களிலே திடீரெனச் சாம்பல் நிறமான முதுகொன்று நீரைக் கிழித்து மேலெழுந்து மறையும். அதுவே நதி ஓங்கில். நம் கடலோரத்து ஓங்கிலுக்கு உறவானதாயினும், நன்னீரில் மட்டும் வாழ்வது. கலங்கிய நீரில் கண்ணுக்கு வேலையின்மையால் ஏறக்குறையக் குருடாகிவிட்டது. ஒலியெழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டே வழியறிந்து இரை தேடுகின்றது. 2009ஆம் ஆண்டில் இந்தியா இதனைத் தேசிய நீர்வாழ் விலங்காகத் தேர்ந்தது. 2025ஆம் ஆண்டில் வெளியான கணக்கெடுப்பின்படி பிரமபுத்திராவிலும் அதன் கிளைகளிலும் இருப்பவை 635 மட்டுமே. ஒலியையே கண்ணாகக் கொண்ட விலங்குக்குக் கப்பல் இயந்திரத்தின் ஓசை எத்தகைய இடையூறு என்பதை எண்ணிப் பாருங்கள்.

தேஸ்பூரைக் கடந்தபின் தென்கரையிலே காசிரங்கா வனம் தொடங்குகின்றது. சில்காட் துறையில் இறங்கி, மோட்டார் வண்டியிற் சென்று இதனைக் காண்பர். ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகத்தின் தலையாய உறைவிடம் இது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேட்டைக்காரரின் துப்பாக்கிக்குத் தப்பி எஞ்சியவை மிகச் சிலவே. அக்காலத்து அரசப் பிரதிநிதியான கர்சன் பிரபுவின் மனைவியார் 1904ஆம் ஆண்டில் அங்கு சென்றும் ஒரு காண்டாமிருகத்தையேனும் காணாது, அதன் காற்சுவட்டை மட்டுமே கண்டு திரும்பினார் என்பர். 1908ஆம் ஆண்டில் இது ஒதுக்கப்பட்ட காடாகவும், 1974ஆம் ஆண்டில் தேசிய வனமாகவும், 1985ஆம் ஆண்டில் உலக மரபுரிமைத் தலமாகவும் ஆயிற்று. 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்குள்ள காண்டாமிருகங்கள் 2,613. அவ்வாண்டில் அசாம் மாநிலத்தில் ஒரு காண்டாமிருகமேனும் திருட்டு வேட்டைக்கு இரையாகவில்லை. உலகில் எஞ்சியுள்ள அவ்வினத்தில் பெரும்பகுதி இந்த ஒரே வனத்தில் உள்ளது. யானை, புலி, காட்டெருமை, சேற்றுமான் ஆகியனவும் இங்கு மிகுதி.

இவ்வளவு விலங்குகளைத் தாங்கும் புல்வெளியை ஆக்கித்தருவது எது? ஆண்டுதோறும் வரும் வெள்ளமே. வெள்ளம் புதிய வண்டலைப் பரப்புகின்றது. ஏரிகளை நிரப்பி மீனைக் கொணர்கின்றது. ஆகாயத்தாமரை முதலிய களைகளை அடித்துச் செல்கின்றது. புல்வெளி காடாகிவிடாமல் தடுக்கின்றது. வெள்ளம் இல்லையேற் காசிரங்கா இல்லை. ஆயின், அதே வெள்ளம் அளவு கடக்கும்போது கொல்லவும் செய்கின்றது. 2024ஆம் ஆண்டு ஜூலை வெள்ளத்தில் இறந்த விலங்குகள் இருநூறு அளவில். அவற்றுட் பெரும்பாலானவை பன்றிமான்கள். வெள்ளம் ஏறுங்கால் விலங்குகள் தெற்கேயுள்ள கார்பி ஆங்லோங் மலையை நாடி ஓடும். வனத்துக்கும் மலைக்கும் இடையே தேசியப் பெருந்தெரு குறுக்கிடுகின்றது. அத்தெருவோரத்தில் நெருங்கி எழும் விடுதிகளும் கடைகளும் அவற்றின் வழியை மறிக்கின்றன. அவ்விடுதிகள் யாருக்காக எழுகின்றன? காண்டாமிருகத்தைக் காணவரும் நமக்காகவே. கப்பலிலே தங்கி, கரையில் ஒரு செங்கல்லும் வையாது வனத்தைக் காண்பது நதி யாத்திரையின் தலையாய நன்மை என்று நான் கருதுவது இதனாலேயே.

காசிரங்காவுக்கும் மேலே, ஆற்றின் நடுவில் மாஜூலி என்னும் பெருந்தீவு உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டிற் பெருவெள்ளங்களால் நதி தெற்கே புதுவழி கொள்ள, பழைய வழிக்கும் புதிய வழிக்கும் இடைப்பட்ட நிலம் தீவாயிற்று. நதிகளினிடையே அமைந்த தீவுகளுள் உலகிற் பெரியவற்றுள் ஒன்று எனப் புகழப்படுவது. பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த சங்கரதேவர் என்னும் மகான், சாதி வேற்றுமையைக் கடந்த வைணவ பக்தியை அசாமிற் பரப்பினார். அவர்வழி வந்தோர் நிறுவிய மடங்கள் சத்ரா எனப்படும். நாம் வழங்கும் சத்திரம் என்னும் சொல்லுக்கும் இதற்கும் மூலம் ஒன்றே. நம் சத்திரம் வழிப்போக்கர்க்கு உணவும் உறையுளும் தருவது. அவர்களின் சத்ரா வழிபாடும் கல்வியும் கலையும் தருவது.

இம்மடங்களிற் சிறுவயதிலேயே சேரும் துறவியர், மத்தளம் போன்ற கோல் என்னும் வாத்தியத்தையும் தாளத்தையும் நடனத்தையும் பயில்வர். அவர்கள் வழிபாடாக ஆடிய ஆடலே சத்ரியா நடனம். 2000ஆம் ஆண்டில் இந்திய சங்கீத நாடக அக்கடமி அதனைச் சாஸ்திரீய நடனங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. சாமகுரி சத்ராவில் நாடகங்களுக்கான முகமூடிகள் செய்யப்படுகின்றன. மூங்கிலாற் கூடு பின்னி, துணி போர்த்து, ஆற்றுக் களிமண்ணும் சாணமும் பூசி, காய்ந்தபின் வண்ணம் தீட்டுவர். இராவணனும் பூதகியும் நரசிங்கமும் இவ்வாறு உருப்பெறுகின்றனர். சிலவற்றின் வாய் பேசுவோரின் வாயோடு சேர்ந்து அசையும். நம் நாட்டுக் கூத்தையும் மரவுரு முகமூடிகளையும் கண்டு பழகியவர்க்கு இக்கலை அந்நியமாகத் தோன்றாது.

இத்தீவு கரைந்துகொண்டிருக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரம் சதுரக் கிலோமீற்றருக்கும் மேற்பட்டிருந்த அதன் பரப்பு இன்று பாதிக்கும் குறைந்துவிட்டது. அறுபதுக்கும் மேற்பட்டிருந்த சத்ராக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே தீவில் எஞ்சியுள்ளன. ஏனையவை நதி நெருங்க நெருங்க, சுவடிகளையும் விக்கிரகங்களையும் சுமந்துகொண்டு கரையேறிவிட்டன. வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய அணைக்கட்டுகள் ஓரிடத்தைக் காத்தால், நீரின் வேகம் இன்னோரிடத்தைத் தாக்குகின்றது. தீவிலே வாழும் மிசிங் மக்கள் மூங்கிற் கால்களின்மேல் உயர்த்திய வீடுகளில் வாழ்கின்றனர். வெள்ளம் வந்தால் வீட்டின்கீழ்த் தறி நின்ற இடத்திலே தோணி நிற்கும். வெள்ளத்தோடு வாழ அவர்கள் கற்றுக்கொண்டனர். நிலமே போய்விட்டால் எதனோடு வாழ்வது?

மாஜூலிக்கு அருகேயுள்ள மணற்றிட்டு ஒன்றிலே ஒருவர் செய்த காரியத்தையும் கூறவேண்டும். 1979ஆம் ஆண்டளவில், வெள்ளம் வடிந்தபின் நிழலின்றிப் பாம்புகள் வெய்யிலில் மாண்டுகிடந்ததைக் கண்ட ஜாதவ் பாயேங் என்னும் மிசிங் இளைஞர், அங்கே மூங்கிலும் மரங்களும் நடத் தொடங்கினார். பல ஆண்டுகள் நாள்தோறும் நட்டார். இன்று அது ஐந்நூறு ஹெக்டேயருக்கும் மேற்பட்ட காடு. யானைகளும் மான்களும் அங்கு வந்து தங்குகின்றன. 2015ஆம் ஆண்டில் அவர்க்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. வேரூன்றிய மண்ணை நதி எளிதிற் கொண்டுசெல்ல இயலாது என்னும் பாடத்தை அக்காடு உணர்த்துகின்றது.

யாத்திரையின் இறுதிப் பகுதி சிவசாகர். 1228ஆம் ஆண்டிற் பாட்காய் மலையைக் கடந்துவந்த சுகாபா என்னும் இளவரசன் நிறுவிய அகோம் அரசு, ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகள் நிலைத்தது. அரசர் விளையாட்டுப் போட்டிகளைக் கண்டுகளித்த ரங்ககர் என்னும் மாளிகையின் கூரை, கவிழ்த்த தோணி போல அமைந்துள்ளது. நதியால் வாழ்ந்த அரசு தன் கட்டடத்திலும் நதியை மறக்கவில்லை போலும். சராய்தேவ் என்னும் இடத்திலே அரசரின் உடலை அடக்கி மண்மேடு எழுப்பிய சமாதிகள் உள்ளன. மொய்தாம் எனப்படும் இவை 2024ஆம் ஆண்டில் உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்டன.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இந்த யாத்திரையால் நன்மையா, தீமையா? சிறு கப்பல் வந்து கட்டும் துறையிலே நெசவாளர்க்கும் முகமூடிக் கலைஞர்க்கும் வழிகாட்டிகளுக்கும் வருவாய் கிடைக்கின்றது. இளைஞர் தம் முன்னோரின் கலையைக் கைவிடாதிருக்க அது ஒரு காரணமாகின்றது. இது நன்மை. ஆயின், கப்பல் பெரிதாகப் பெரிதாக நிலைமை மாறும். பெருங் கப்பலுக்கு ஆழமான வழி வேண்டும். அதற்காக இயந்திரங்கொண்டு படுகையைத் தோண்டினால் ஓங்கிலின் உணவும் உறைவிடமும் கெடும். வாராவாரம் வந்திறங்கும் கூட்டத்துக்காக நாழிகை குறித்து ஆடத் தொடங்கினால், வழிபாடு வேடிக்கையாகிவிடும். எனவே, எத்தனை கப்பல், எவ்வளவு பெரிய கப்பல் என்னும் வரையறையிலேயே நன்மையும் தீமையும் தங்கியுள்ளன.

யாத்திரிகரும் தம் பங்கைச் செய்தல் கூடும். சிறிய கப்பலைத் தேர்தல். ஓங்கிலையும் பறவைகளையும் நெருங்கித் துரத்துமாறு மாலுமியைத் தூண்டாதிருத்தல். நாமகர் எனப்படும் வழிபாட்டு மண்டபத்தில் பாதரட்சையைக் கழற்றி, அனுமதி பெற்றே புகைப்படம் எடுத்தல். துணியையும் முகமூடியையும் இடைத்தரகரிடமன்றி ஆக்கியவர் கையிலிருந்தே வாங்குதல். குப்பையை ஆற்றில் எறியாதிருத்தல். இவை சிறியனவாகத் தோன்றலாம். நதியோ சிறு மணல்களைச் சேர்த்தே தீவை ஆக்குகின்றது.

நேயர்களே, பிரமபுத்திராவின் கரையிலே காண்டாமிருகம் மேயும் புல்லும், துறவி ஆடும் மண்டபத்தின் தரையும், முகமூடிக்குப் பூசும் களிமண்ணும் ஒரே வெள்ளம் கொணர்ந்த ஒரே மண். அவ்வெள்ளமே அவற்றை மீட்டெடுத்தும் செல்கின்றது. இவ்வுண்மையை நூலிற் படித்தறிவதிலும், ஒரு வாரகாலம் அந்நீரின்மீது மெல்லச் சென்று கண்ணாற் காண்பதே சிறப்பு. செல்லும் வாய்ப்புப் பெற்றோர் செல்லுக. செல்லுவோர், தாம் காண்பது என்றும் நிலைத்து நிற்கும் காட்சியன்று என்பதையும் அதனைக் காக்கும் பொறுப்பில் தமக்கும் பங்குண்டு என்பதையும் உணர்ந்து செல்லுக.